ஒரு காபிக் கோப்பையும் பதினாலு மிஸ்டு காலும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. ரெண்டு காரணம். ஒண்ணு, விஷயம் கொஞ்சம் ஏடாகூடமானது. ரெண்டாவது, இதுல நான் ஹீரோ கிடையாது. வழக்கமா நான் எழுதற ஊர் சுத்தின கதை, தோசை தீஞ்ச கதையில எல்லாம் கடைசியில் எப்படியாவது தப்பிச்சுடுவேன். இதுல அதுக்கு வழி இல்லை. தங்கமணி கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் எழுதறேன், வலையேத்தறதுக்கு முன்னாடி படிச்சுக் காட்டணும்ங்கற கண்டிஷனோட.

2013 மே மாசம் ஆபீஸ்ல என்னை கலிஃபோர்னியாவுக்கு அனுப்பினாங்க. எட்டு மாச வேலை. தங்கமணிக்கு சென்னையில பேங்க் உத்தியோகம், அவ்ளோ லீவு எவன் குடுப்பான்? அதனால நான் மட்டும் கிளம்பினேன். சான் ஃபிரான்சிஸ்கோ வாடகையைக் கேட்டதும் தலை சுத்திடுச்சு. தண்ணியைத் தாண்டி ஓக்லாந்துல ஒரு பழைய மரவீட்டில் ஒரே ஒரு ரூம் கெடச்சுது. வீட்டில் ஏற்கெனவே ரெண்டு பேர். அவர் ஸ்கூல் வாத்தியார், மார்பு வரைக்கும் தாடி. அந்தம்மா நர்ஸ், வீடு பூரா தொட்டிச் செடி. பேரெல்லாம் வேண்டாம், தாடி, செடியம்மான்னே வெச்சுக்குவோம். ரெண்டு பேருக்கும் நாப்பது தாண்டியிருக்கும். கல்யாணம் பண்ணிக்கலை, பத்து வருஷமா சேர்ந்து இருக்காங்க. அது வரைக்கும் எனக்கு ஓகே. அமெரிக்காவாச்சே.

முதல் வாரமே ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு காலண்டர் கண்ணுல பட்டுச்சு. பச்சை, நீலம், ஆரஞ்சுன்னு மூணு கலர்ல கட்டம் கட்டமா அடையாளம். நர்ஸ் ஆச்சே, டியூட்டி போலன்னு நெனச்சுக்கிட்டு, பேச்சுக் குடுக்கலாமேன்னு தாடியைக் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமையில எல்லாம் ஆரஞ்சு இருக்கே, நைட் ஷிஃப்டா?"

அவர் சூப்பைக் கிண்டிக்கிட்டே சொன்னார். "இல்லையே. அன்னிக்கு அவ தன் பாய் ஃப்ரெண்ட் வீட்ல தங்குவா."

"அப்போ... நீங்க?"

"நானும் பாய் ஃப்ரெண்ட்தான்."

அன்னிக்கு சூப் எப்படி இருந்ததுன்னு எனக்கு ஞாபகமே இல்லை.

அப்புறம் அவரே பொறுமையா விளக்கினார். ஓப்பன் ரிலேஷன்ஷிப். நம்ம பேப்பர்ல வர்ற கள்ளக்காதல் சமாச்சாரம் கிடையாது. அதுல முக்கியமான விஷயமே மறைக்கறதுதான். இதுல ஒருத்தர் இன்னொருத்தர் கூடப் பழகறது எல்லாருக்கும் தெரியும், தெரிஞ்சு ஒத்துக்கிட்டதுதான். நான் என்னென்னமோ கற்பனை பண்ணிக்கிட்டேன் (என்னன்னு கேக்காதீங்க, ஹி..ஹி..). ஆனா ரெண்டே வாரத்துல கற்பனையெல்லாம் புஸ்ஸுன்னு போயிடுச்சு. அவ்ளோ சாதாரணமான ஆளுங்க. யார் குப்பைத் தொட்டியை ரோட்டுக்குத் தள்ளறதுங்கறதுல நம்ம ஊர் மாதிரியே சண்டை. ராத்திரி ஒம்பதரைக்கு லைட் ஆஃப்.

விஷயத்தை ஆரம்பிச்சு வெச்சது தாடிதான். அதுக்கு மூணு வருஷம் முன்னாடி. "ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனுக்குச் சொத்து இல்லை"ன்னு நிறைய படிச்சு, நிறைய பேசி, அவங்களைச் சம்மதிக்க வெச்சிருக்கார். முதல் வருஷம் அவருக்குத்தான் வெளியில பழக்கம். செடியம்மா வீட்டில் உக்காந்து செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, அழுது, சமாளிச்சு, ஒரு வழியா பழகிக்கிட்டாங்க. அப்புறம் அவருக்கு வந்த பழக்கமெல்லாம் வந்த வேகத்துல போயிடுச்சு. அந்தம்மாவுக்கு ஒரு தச்சர் கெடச்சார். ஊஞ்சல், அலமாரி எல்லாம் செய்யற அமைதியான மனுஷன். அது போகலை. நெலச்சுடுச்சு.

இப்ப ஆகஸ்ட் மாசத்து ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரிக்கு வர்றேன்.

என் ரூம் சமையலறையை ஒட்டி. நடுவுல மரச்சுவர், இருமினா கேக்கும். ராத்திரி ஒரு மணிக்கு டங்கு டங்குன்னு சத்தம். எழுந்து போய்ப் பாத்தா தாடி பாத்திரம் தேச்சுக்கிட்டு இருக்கார். அழுக்குப் பாத்திரம் இல்லை. அலமாரியில சுத்தமா இருந்ததை எல்லாம் எடுத்து வெச்சு மறுபடி தேய்க்கறார். "தூக்கம் வரலியா?"ன்னேன். "நல்லாத்தான் இருக்கேன்"னார். நான் தண்ணி குடிச்சுட்டுத் திரும்பும்போது, "அவளோட கோப்பையைக் காணோம்"னார்.

சுவத்துல கொக்கி வரிசையா இருக்கும். ஒவ்வொருத்தர் கோப்பையும் அதுல தொங்கும். அந்தம்மாவோடது நீலக் கலர், விளிம்புல லேசா உடைஞ்சது. அந்தக் கொக்கி காலியா இருந்துச்சு. தச்சர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்காங்க. மூணு வருஷமா "யாரும் யாருக்கும் சொத்து இல்லை"ன்னு பேசின மனுஷன், ஒரு உடைஞ்ச கோப்பைக்காக நடுராத்திரியில சட்டி தேய்க்கறார். உள்ளுக்குள்ள எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்துச்சு. 'நல்லா வேணும், எங்க ஊர்ல இதெல்லாம் எப்பவோ தெரியும்'னு. படுத்துத் தூங்கிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை ஒம்பதரை. சென்னையில அப்போ ராத்திரி பத்து.

தங்கமணி கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்தே ஒரு அமெச்சூர் நாடகக் குழுவில் இருந்தா. சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. நான் ஊருக்குக் கிளம்பின பிறகு அவளுக்கு ஒரு பெரிய வேஷம் கெடச்சுது. ரொம்ப சந்தோஷமா இருந்தா. நானும் "சூப்பர்மா, கலக்கு"ன்னு சொன்னேன். ஒத்திகை முடிய ராத்திரி ஆகும், அதே குழுவில் ஒரு பையன் எங்க ஏரியாதான், பைக்ல இறக்கி விட்டுடுவான். இதுவும் அவளே சொன்னதுதான். நான் "நல்லதாப் போச்சு, ஆட்டோக்காரன் கிட்ட மல்லுக்கட்ட வேண்டாம்"னேன். எவ்ளோ பெருந்தன்மை பாருங்க.

அந்தப் பெருந்தன்மை சனிக்கிழமை காலை ஒம்பதரை வரைக்கும்தான் தாங்கும். அன்னிக்கு போன் அடிச்சேன், எடுக்கலை. மறுபடி. மறுபடி. சமையலறை மேஜையில உக்காந்து பதினாலு தடவை அடிச்சேன். எதிர்ல தாடி, ஆறிப்போன காபியோட, வாசலையே பாத்துக்கிட்டு. செடியம்மா பத்து மணிக்கு வருவாங்க. "யாருக்கு இவ்ளோ தடவை போன் பண்றே?"ன்னார். "ஆபீஸ்"னேன். சனிக்கிழமை ஆபீஸ்!

பத்து மணிக்கு மேல அவளே கூப்பிட்டா. "சைலண்ட்ல இருந்துச்சுங்க. திடீர்னு மழை, ஒரு கடை வாசல்ல ஒதுங்கி நின்னுட்டு இப்பதான் வந்தோம்."

வந்தோம். அந்த 'தோம்' எனக்குள்ள போய் மணி மாதிரி அடிச்சுது. ஆனா நான் என்ன சொன்னேன்? "சரி. சாப்ட்டியா? தூங்கு." அவ்ளோதான். ஒரு வார்த்தை தப்பாப் பேசலை. ஆனா அதை எந்தக் குரல்ல சொன்னேன்னு எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கல்யாணம் ஆனவங்களுக்கு எல்லாம் அந்தக் குரல் தெரியும். அடுத்த மூணு நாள் "ம்", "சரி", "வேலை இருக்கு"ன்னு ஒத்தை வார்த்தையிலேயே ஓட்டினேன்.

போனை வெச்சுட்டு ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்துல செடியம்மா வந்துட்டாங்க. மரச்சுவர்தானே, எல்லாம் கேட்டுச்சு. காதைப் பொத்திக்கலை, அந்த அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

"எனக்குப் பொறாமையா இருக்கு. ராத்திரி பூரா தூங்கலை. நீ ஒண்ணும் தப்புப் பண்ணலை, ஆனா சொல்லணும்"னார் தாடி.

"எது கஷ்டமா இருந்துச்சு?"

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "கோப்பை."

அந்தம்மா சிரிச்சுட்டாங்க. உடனே நிறுத்திட்டாங்க. மூஞ்சியைப் பாத்திருப்பாங்க போல.

"நீ அங்க ராத்திரி தங்கறது எனக்குப் பழகிடுச்சு. ஆனா கோப்பை அங்க போனா, நீ அங்க காலையில எழுந்து காபி குடிக்கற ஆளா ஆயிடறே. விருந்தாளி இல்லை, வீட்டு ஆள். அதான்."

"கோப்பையைத் திருப்பி எடுத்துட்டு வரணுமா?"

"தெரியலை."

பிறகு அவர் ரெண்டு விஷயம் கேட்டார். ஒண்ணு, அங்கேருந்து வந்ததும் நேரா குளிக்கவோ தூங்கவோ போகாம அரை மணி நேரம் தன்கூட உக்காந்து டீ குடிக்கணும். சரின்னாங்க. ரெண்டாவது, வாரத்துல ஒரு ராத்திரிக்கு மேல அங்க தங்கக் கூடாது. இதுக்கு அவங்க கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, முடியாதுன்னுட்டாங்க. "இதுக்கு நான் ஒத்துக்கிட்டா உனக்கு ரெண்டு வாரம் நிம்மதியா இருக்கும். அப்புறம் உனக்கு வேற ஏதாவது உறுத்தும். அதையும் நான் விடணும். அது எங்க போய் முடியும்?"

தாடி அழுதார். நிஜமாவே, சத்தமா. அந்தம்மா முடியாதுன்னு சொன்னதை மாத்திக்கலை, எழுந்தும் போகலை. அரை மணி நேரத்துக்கு மேலேயே உக்காந்திருந்தாங்க.

இந்தப் பக்கம் நான் கட்டில்ல உக்காந்து, 'சே, என்ன மனுஷன்யா, மானம் இல்லாம'ன்னு நெனச்சேன். அன்னிக்கு அதான் தோணுச்சு, மறைக்க விரும்பலை.

செப்டம்பர்ல ஒரு நாள் தங்கமணி பேச்சுவாக்குல சொன்னா. "நாடகத்தை விட்டுட்டேங்க. பேங்க்ல வேலை ஜாஸ்தி, அலைச்சல் தாங்கலை." நான் "அடடா, ஏம்மா, நல்லாத்தானே போயிட்டு இருந்துச்சு"ன்னு வருத்தப்பட்டேன். அன்னிக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன். இந்த வரியை எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆச்சு.

நிம்மதி எவ்ளோ நாள் இருந்துச்சுன்னு நெனக்கறீங்க? செடியம்மா சொன்ன கணக்குதான், ரெண்டு வாரம். அப்புறம் பேங்க்ல புதுசா வந்த மேனேஜர். அவர் இவளை 'டேலண்டட்'னு சொன்னாராம். ஆரம்பிச்சுடுச்சு.

இடையில ஒரு சின்ன இலக்கியச் சமாச்சாரம், கோச்சுக்காதீங்க. 'பொறாமை'ங்கற சொல்லைப் பாருங்க. பொறுக்காம இருக்கறது பொறாமை. அடுத்தவன் கார் வாங்கினாலும் அதே சொல், பொண்டாட்டி அடுத்தவன் ஜோக்குக்குச் சிரிச்சாலும் அதே சொல். ஆனா வள்ளுவர் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கலை. அடுத்தவன் வாழ்றதைப் பொறுக்காததுக்கு அழுக்காறுன்னு பேர், அதை அறத்துப்பால்ல வெச்சுத் திட்டறார். காதலர்களுக்குள்ள வர்றதுக்குப் புலவி, ஊடல்னு பேர், குறளோட கடைசி மூணு அதிகாரமும் அதுக்குத்தான். அங்க ஒரு பொண்ணு இருக்கா பாருங்க, அவன் தும்மினா 'எவ உன்னை நெனச்சா?'ன்னு அழறா. சரின்னு அவன் தும்மலை அடக்கினா, 'எவ நெனக்கறதை என்கிட்ட மறைக்கறே?'ன்னு அதுக்கும் அழறா. பதினாலு மிஸ்டு கால் விட்டவன் மட்டும் இதைப் படிச்சா சிரிக்க மாட்டான். ஆனா ஒண்ணு, அவ வாயை விட்டுக் கேட்டுடறா. புலவியை உப்புன்னும் சொல்றார், கொஞ்சம் கூடினாலும் கெட்டுச்சுன்னு.

இன்னொரு ஆள் நம்ம கோவலன். கட்டின பொண்டாட்டியை விட்டுட்டு மாதவி வீட்டுக்குப் போனவன். புகார் கடற்கரையில யாழை வாங்கி இவன் ஒரு பாட்டுப் பாடறான். இவன் மனசுல வேற எவளோ இருக்கான்னு நெனச்சு, மாதவியும் தன் மனசுல வேற ஆள் இருக்கற மாதிரி திருப்பிப் பாடறா. வெறும் பாட்டு. அதைக் கூடப் பொறுக்க முடியாம எழுந்து போயிடறான். போனவன் திரும்பவே இல்லை. கேட்டிருந்தா ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும். தனக்குத் தொறந்து வெச்சுக்கிட்ட கதவு, அந்தப் பக்கத்திலிருந்தும் தொறக்கும்னு தெரியும்போது ஆம்பளைக்கு வர்ற நடுக்கம் இருக்கே, அது ரெண்டாயிரம் வருஷத்துப் பழசு போல.

கோவலனாவது படிக்காத பய... சரி, வணிகர் வீட்டுப் பிள்ளை. பெர்ட்ரண்ட் ரஸ்ஸலைப் பாருங்க. எங்க அப்பாவோட அலமாரியில சாமி படத்துக்குப் பதிலா ரஸ்ஸல்தான் இருப்பார், அதனால சின்ன வயசுலேயே பழக்கம். 1929-ல 'மேரேஜ் அண்ட் மாரல்ஸ்'னு ஒரு புத்தகம் எழுதினார். துணையோட வெளிப்பழக்கத்தை மட்டுமே காரணமா வெச்சு ஒரு கல்யாணம் உடையணும்னு இல்லை, பொறாமையை அடக்கப் பழகணும்ங்கறது அதுல அவர் கட்சி. அந்தப் புத்தகத்தையும் ஒரு காரணமா வெச்சு 1940-ல நியூயார்க்ல அவருக்குக் கெடச்ச கல்லூரி வேலையைக் கோர்ட் ரத்து பண்ணிச்சு. அப்பேர்ப்பட்டவர் வீட்டில் என்ன நடந்துச்சு? மனைவி டோராவும் அதே கொள்கைக்காரர்தான். 1930-ல டோராவுக்கு ஒரு அமெரிக்கப் பத்திரிகைக்காரர் மூலமா ஒரு பெண் குழந்தை, 1932-ல இன்னொரு குழந்தை. ரஸ்ஸலுக்கும் தன் பிள்ளைகளைப் பாத்துக்க வந்த பெண்ணோட பழக்கம். 1932-லயே ரஸ்ஸல் வீட்டை விட்டு வெளியேறி, 1935-ல விவாகரத்து. அவ்வளவு சுதந்திரத்தை என்னால தாங்க முடியலைங்கற மாதிரி பிற்பாடு சுயசரிதையில அவரே ஒத்துக்கறார்.

அதுக்கும் முன்னாடி 1918-ல போர் எதிர்ப்புக் கட்டுரைக்காக லண்டன் பிரிக்ஸ்டன் ஜெயில்ல இருந்தப்போ, வெளியில தன் காதலி இன்னொருத்தரோட பழகறான்னு மனுஷன் வெந்து போயிருக்கார். பொறாமை கேவலமான உணர்ச்சிங்கறது அவர் முடிவு. அந்த முடிவு அவருக்குக் கொஞ்சம்கூட உதவலை. அதே ஜெயில்ல உக்காந்து கணிதத் தத்துவத்துக்கு ஒரு அறிமுக நூல் எழுதியிருக்கார்ங்கறதுதான் எனக்கு ஆச்சரியம். நான் அந்த வாரம் ஒரு எக்ஸெல் ஷீட்டைக்கூட ஒழுங்கா முடிக்கலை.

சட்டம் போட்டுப் பொறாமையை ஒழிக்கப் பாத்தவங்களும் உண்டு. நியூயார்க் மாநிலத்துல ஒனைடான்னு ஒரு குடியிருப்பு, 1848-ல ஜான் ஹம்ஃப்ரி நோயஸ்னு ஒரு பாதிரியார் ஆரம்பிச்சது. முன்னூறு பேர் வரைக்கும் இருந்தாங்க. அங்க எல்லாரும் எல்லாருக்கும் வாழ்க்கைத் துணை. ரெண்டு பேர் ஒருத்தர் மேல ஒருத்தர் தனியா உசிரா இருந்தா அதுதான் குத்தம், பிரிச்சு வெச்சுடுவாங்க. தாய்ங்க சொந்தக் குழந்தை மேல அளவுக்கு மீறிப் பாசம் வெச்சாலும் கண்டிப்பாங்க. ஒரு தடவை சின்னப் பொண்ணுங்க பொம்மைங்க மேல வெச்சிருக்கற ஆசை கூட ஆகாதுன்னு அந்தப் பொம்மைங்களை அடுப்புல போட வெச்சாங்களாம். இதைப் படிச்சப்போ எனக்குத் தாடியோட கோப்பைதான் ஞாபகம் வந்துச்சு. முப்பத்தோரு வருஷம் ஓட்டினாங்க. 1879-ல நோயஸ் கைதுக்குப் பயந்து கனடாவுக்குப் போயிட, அந்த முறையைக் கைவிட்டாங்க, நிறைய பேர் ஜோடி ஜோடியா கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. குடியிருப்பு ஒரு கம்பெனியா மாறி ஸ்பூன், ஃபோர்க் வித்துச்சு.

தாடிக்கு இதெல்லாம் அத்துப்படி. 'காம்பெர்ஷன்'னு ஒரு சொல் இருக்குன்னு அவர்தான் சொன்னார். நம்ம ஆளு இன்னொருத்தரோட சந்தோஷமா இருக்கறதைப் பாத்து நமக்கு வர்ற சந்தோஷம், பொறாமைக்கு நேர் எதிர். அந்தச் சொல் பிறந்ததே பக்கத்துல சான் ஃபிரான்சிஸ்கோவில் 1971-லேருந்து 1991 வரைக்கும் இருந்த கெரிஸ்டாங்கற கூட்டுக் குடித்தனத்துல. அங்க யார் யாரோட எந்த ராத்திரின்னு முறை வெச்சு அட்டவணையே போட்டுடுவாங்களாம். "உங்களுக்கு அந்த சந்தோஷம் வந்திருக்கா?"ன்னு கேட்டேன். "ரெண்டு தடவை"ன்னார். மூணு வருஷத்துல ரெண்டு தடவை. அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிச்சுப் போச்சு.

நவம்பர்ல ஒரு நாள் ரெண்டு பேரும் பீன்ஸ் நறுக்கிக்கிட்டு இருந்தோம்.

"உன் மனைவி நாடகம் எப்போ?"ன்னார்.

"விட்டுட்டா. வேலை ஜாஸ்தி."

"நீ ஏதாவது சொன்னியா?"

"சேச்சே. நான் எதுவுமே கேக்கலை."

அவர் நறுக்கறதை நிறுத்தலை, என்னைப் பாக்கவும் இல்லை. "கேக்காமலே கெடச்சுடுச்சா?"ன்னார்.

குத்திக் காட்டிச் சொன்னாரா, நிஜமாவே ஆச்சரியத்துல கேட்டாரான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை. அவர் கேட்டு, அழுது, பாதிதான் கெடச்சுது. கோப்பையும் திரும்பி வரலை, கொக்கி காலியாத்தான் இருந்துச்சு. நான் வாயே திறக்கலை, எனக்கு முழுசும் கெடச்சுடுச்சு. அந்த 'ம்', 'சரி'யெல்லாம் போதும் நம்ம ஊர்ல. மீதியை அம்மா, மாமியார், பக்கத்து வீடு, சினிமா எல்லாரும் சேர்ந்து முடிச்சுக் குடுத்துடுவாங்க. "அவர் உன்மேல ரொம்ப பொசஸிவ்டி"ன்னு அவ ஃப்ரெண்டே சொல்லியிருக்கா. பாராட்டா!

அன்னிக்கு ராத்திரி, அவளுக்குக் காலை, ஸ்கைப்ல சொன்னேன். அந்தப் பையன், மழை, அந்த 'தோம்', மூணு நாள் மூஞ்சி, நீ விட்டதும் நான் நல்லாத் தூங்கினது, எல்லாத்தையும். தாடி மாதிரி அழகா எல்லாம் வரலை, திக்கித் திக்கித்தான். அவ ஆபீஸுக்குத் தலை பின்னிக்கிட்டே கேட்டா. ரொம்ப சாதாரணமா சொன்னா.

"தெரியும். பதினாலு மிஸ்டு கால் பாத்தா யாருக்குத்தான் தெரியாது? நீங்க வாயைத் தொறந்து, 'எனக்குப் பிடிக்கலை'ன்னு சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். சண்டை போட்டிருந்தா நாடகத்துல இருந்திருப்பேன்."

"இப்ப திரும்பப் போயேன்"னேன்.

"அந்த வேஷத்தை வேற பொண்ணுக்குக் குடுத்தாச்சுங்க"ன்னுட்டு, டைம் ஆச்சுன்னு கட் பண்ணிட்டா.

டிசம்பர்ல அந்த நாடகம் மேடையேறுச்சு. இவ போய் முன் வரிசையில உக்காந்து பாத்துட்டு வந்து, "நல்லா இருந்துச்சு"ன்னா. வேற ஒண்ணும் சொல்லலை. நானும் கேக்கலை. கேட்டிருக்கணும். ரெண்டு வருஷத்துல அந்தக் குழுவும் கலைஞ்சு போச்சு. இப்பல்லாம் அபார்ட்மெண்ட்ல பொங்கலுக்குப் பொங்கல் பசங்களை வெச்சு நாடகம் போடறா. வசனம் சொல்லிக் குடுக்கும்போது அவளே நடிச்சுக் காட்டுவா பாருங்க, அப்ப மட்டும் நான் வேற எங்கயாவது பாத்துக்கிட்டு நிப்பேன்.

ஓப்பன் ரிலேஷன்ஷிப் நல்லதா கெட்டதான்னு தீர்ப்பு சொல்ல நான் வரலை. எனக்கு அது ஒத்து வராது, தங்கமணிக்கும் வராது. தாடியும் செடியம்மாவும் 2018-ல பிரிஞ்சுட்டதா மெயில் வந்துச்சு. காரணம் எழுதலை. ஒரு நண்பர் கிட்ட சொன்னப்போ, "பாத்தியா, அப்படி இருந்தா இப்படித்தான் ஆகும்"னார். இருக்கலாம். ஆனா அந்த நண்பரும் அவர் மனைவியும் ஒரே வீட்டில் ஆறு வருஷமா மகன் மூலமாத்தான் பேசிக்கறாங்க.

நான் அந்த வீட்டில் பாத்தது ஒண்ணே ஒண்ணுதான். எல்லாக் கதவையும் தொறந்து வெச்சவங்களுக்கும் பொறாமை வருது, நமக்கு வர்ற அதே அளவு வருது, கோப்பை ரூபத்துல வருது. அவங்களுக்கு அது வெளியில சொல்லியே ஆக வேண்டிய விஷயம். சொன்னா 'முடியாது'ன்னு பதில் வரலாம், அதையும் பொறுக்கணும். எனக்கு அந்தத் தொல்லையே இல்லை. நான் பொறுக்க வேண்டியதைச் சத்தமில்லாம அவ தலையில வெச்சுட்டு, நல்ல புருஷன்னு பேரும் வாங்கிட்டேன்.

இப்பவும் வரும். போன மாசம்கூட, காலேஜ் ரீயூனியன் போட்டோவுல ஒருத்தர் அவ தோள் மேல கை போட்டிருந்தார். "எனக்கு இது கொஞ்சம் கடுப்பா இருக்கு, நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா சொன்னேன்"னேன். "சரி, கடுப்பா இருங்க"ன்னுட்டு அவ சீரியல் பாக்கப் போயிட்டா. ஒரு மணி நேரம் கடுப்பா இருந்தேன். அப்புறம் பசி வந்துடுச்சு.

டிஸ்கி: கண்டிஷன்படி படிச்சுக் காட்டினேன். பூரா கேட்டுட்டு, "பதினாலு இல்லைங்க, பதினேழு"ன்னா. தலைப்பை மாத்தட்டுமான்னு கேட்டேன். "வேண்டாம், மூணு காலை மறைச்சுக்கங்க, பரவாயில்லை"ன்னுட்டு எழுந்து போயிட்டா.